ஓதிய தண்ணீரை வீட்டில் விட்டுச் செல்வது

என் இதயத்தில் குறை எதுவும் இல்லை என்பதற்கு எங்கள் வீட்டு பீரோவில் ஒரு துணிக்கடைப் பை நிறையச் சான்றுகள் இருக்கின்றன. ஈ.சி.ஜி. தாள்கள், எக்கோ அறிக்கை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், பெரிய உறைக்குள் மார்பின் எக்ஸ்ரே. ஒவ்வொன்றின் அடியிலும் ‘நார்மல்’ என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து என் தந்தை, எங்கள் வழக்கில் அத்தா, ஒவ்வொரு முறையும் “அல்ஹம்துலில்லாஹ்” என்பார். எனக்கோ ஒவ்வொரு முறையும் காலடியில் தரை சற்றுக் கீழிறங்கும். நார்மலான இதயத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படித் தினமும் செத்துக்கொண்டிருக்க முடியும் என்று விளக்க எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது சற்று ஓய்ந்திருக்கிறது. போய்விட்டது என்று எழுத மாட்டேன்; அப்படி எழுதினால் அது பொய். ஆனால் இதே போன்ற பையைத் தூக்கிக்கொண்டு வேறு யாரோ இந்நேரம் ஏதோ ஒரு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவருக்காக, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிப் பார்க்கிறேன்.

நாங்கள் மாமல்லபுரத்தில் இருக்கிறோம். கடற்கரைக்குப் போகும் வழியில் அத்தா தொப்பியும் குளிர்கண்ணாடியும் கைப்பையும் விற்கும் கடை வைத்திருக்கிறார். நான் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் முதுகலைத் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் போய், அதே பேருந்தில் திரும்புவேன். அந்த வழியில் எனக்குத் தெரியாத மரம் கிடையாது.

முதல் முறை அது வந்தபோது சன்னலோரம் அமர்ந்திருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியிருந்தது. அன்று தேர்வு இல்லை, வீட்டில் சண்டை இல்லை, கெட்ட செய்தி எதுவும் இல்லை. மடியில் நூலகத்திலிருந்து எடுத்த ஒரு நூல் திறந்திருந்தது. திடீரென்று அதன் எழுத்துகள் எங்கோ தொலைவுக்குப் போயின. நெஞ்சின் நடுவே யாரோ முழங்காலை ஊன்றியதுபோல் ஓர் அழுத்தம். விரல் நுனிகள் மரத்தன. உதடுகளைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு அடிவரை இறங்கவில்லை. சாகிறேன் என்பது எனக்கு ஓர் எண்ணமாகத் தோன்றவில்லை. என் பெயர் எனக்குத் தெரிவதுபோல் அது தெரிந்தது.

“இன்னாம்மா, வாந்தியா? தலைய வெளிய நீட்டாத, பின்னாடியே லாரி வருது” என்றார் நடத்துநர்.

பக்கத்திலிருந்த பெண் என் கையைத் தொட்டுப் பார்த்து அலறினாள். “ஐயோ, ஐஸாட்டம் கீதுய்யா பொண்ணு கையி! எங்கயும் நிறுத்தாத, நேரா பெரியாஸ்பத்திரிக்கு வுடு!”

அந்தப் பேருந்து எனக்காக நிறுத்தங்களைத் தாண்டிச் சென்றது. வழியில் இறங்க வேண்டியவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ, ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவசரப் பிரிவில் என்னைப் படுக்கவைத்து மார்பிலும் கைகால்களிலும் குளிர்ந்த பசையைத் தடவி ஒயர்களைப் பொருத்தினார்கள். இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் கோடாக வரையும் சோதனை அது. பிறகு ரத்தம் எடுத்தார்கள். இதயத் தசை சேதமடைந்திருந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் கசியுமாம், அதைத் தேடுவதற்காக. அத்தா வந்து சேர்ந்தபோது அவர் கையில் கடைச் சாவி இருந்தது. கடையைப் பூட்டாமல் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவந்திருந்தார் என்பது, பக்கத்துக் கடைக்காரர் தொலைபேசியில் கத்தியபோதுதான் தெரிந்தது.

கண்காணிப்புக்காகப் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். அந்த நாட்களில் என்னைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியும் நோய்கள் இருந்தன. ஒருவருக்குக் கால் வீங்கியிருந்தது. ஒருவருக்கு மூக்கில் குழாய். நான் மட்டும் தலைவாரிப் பூவைக்காத குறையாக உட்கார்ந்திருந்தேன். எக்கோ எடுத்தார்கள். ஒலி அலைகளைக் கொண்டு இதயத்தின் உள்ளறைகளைத் திரையில் காட்டும் சோதனை. கறுப்புத் திரையில் என் இதயத்தின் வால்வு சிறு கைக்குட்டையைப்போல் திறந்து மூடியது. எவ்வளவு ஒழுங்காக உழைக்கிறது, என்னிடம் மட்டும் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று நினைத்தேன்.

“ஒன்னும் இல்லம்மா. எல்லாமே நார்மல். நல்லா சாப்ட்டு ரெஸ்ட் எடு” என்று இளம் மருத்துவர் சொன்னார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ‘ஒன்னும் இல்ல’ என்னும் இரண்டு சொற்களைப்போல் என்னைக் கைவிட்ட சொற்கள் வேறில்லை.

வீடு திரும்பிய பிறகு மறுபடி வந்தது. மீண்டும் மீண்டும் வந்தது. உறவினர்களிடம் வயிற்றில் கேஸ் பிரச்சினை என்றோம். ஓர் உறவினர் கண்ணேறு என்றார். ஒருவர் கல்யாணத்தைப் பேசிவிடுங்கள் என்றார். கேளம்பாக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எல்லாச் சோதனைகளையும் இன்னொரு முறை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் அம்மாவின் கையில் தங்க வளையல்கள் இல்லை. நான் பார்த்தால் முந்தானையைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொள்வார்.

அப்போதுதான் அம்மா தண்ணீர் ஓதத் தொடங்கினார். விடியல் தொழுகை முடிந்தும் எழுந்துகொள்ளாமல், தொழுகை விரிப்பிலேயே அமர்ந்து நெடுநேரம் ஓதுவார். பிறகு நீல மூடியிட்ட ஒரு பாட்டிலைத் திறந்து, சூடான பாலில் ஊதுவதுபோல் மெல்ல உள்ளே ஊதி மூடிவைப்பார். எங்கள் வீடுகளில் இது புதிதன்று. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், பரீட்சை என்றாலும், வெளிநாடு போகும் பிள்ளையை வழியனுப்புவதென்றாலும் செய்வதுதான். “நெஞ்சு அடிச்சா பிஸ்மில்லா சொல்லி மூணு மொடக்கு குடி” என்பார். நான் குடிப்பேன். சற்று நேரத்தில் அது அடங்கும். தண்ணீரால்தான் அடங்கியது என்று நாங்கள் இருவருமே நம்பினோம். அதனால் பாட்டில் இல்லாமல் வாசற்படி தாண்டுவது என்பது என்னால் முடியாததாயிற்று.

பாட்டில் இருந்தும் என் உலகம் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் பேருந்து போயிற்று. பிறகு ஷேர் ஆட்டோ. பிறகு கடற்கரைச் சாலையின் கூட்டம். கடைசியில் பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்கும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். கல்லூரிக்கு அத்தா உடன் வந்தார். நான் வகுப்பிலிருக்கும்வரை எதிரிலுள்ள டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சுற்றுலாக் கூட்டம் அலைமோதும் மார்கழியில், ஆண்டு முழுவதற்குமான வியாபாரம் நடக்கும் அந்த வாரங்களில், எங்கள் கடையின் ஷட்டர் இறங்கியே இருந்தது. அத்தா வர முடியாத நாட்களில் நானும் போகவில்லை. பொங்கல் விடுமுறைக்குப் பின் ஒழுங்காக வராவிட்டால் வருகைப்பதிவு போதாது, தேர்வெழுத முடியாது, ஆண்டு வீணாகும் என்று துறையிலிருந்து அழைத்துச் சொன்னார்கள்.

மனநலப் பிரிவுக்குப் போகும்படி அந்த மார்கழிக்கு முன்பே எழுதித் தந்தவர் அரசு மருத்துவமனையின் ஒரு மருத்துவர்தான். அந்தப் பிரிவு வளாகத்தின் கோடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் அம்மா துப்பட்டியை மூக்குவரை இழுத்துக்கொண்டார். ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவருக்கு அச்சம். பெஞ்சுகளில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், டோக்கனை மட்டும் பார்த்துக்கொண்டு.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் மட்டும் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கம்பெனிச் சீருடைச் சட்டையின் மேல் சால்வை.

“இன்னா, நீயும் மூச்சு கேஸா?” என்றாள்.

நான் தலையசைத்தேன்.

“நானு மறைமலைநகரு. பேரு செல்வி. கம்பெனி பஸ்ல ஏறுனா போதும், நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினே கீது. பாதி வழில எறக்கி வுடுன்னு கத்திட்டேன் ஒரு நாளு. சூப்பர்வைசரு சொல்றான், வேலைக்கு டிமிக்கி குடுக்க நடிக்கிறியான்னு. நடிக்கத் தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீறேன்? சினிமாவுக்குப் போயிருக்க மாட்டேன்?”

அம்மா துப்பட்டிக்குள் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

மருத்துவர் என் கதையை முழுவதும் கேட்டுவிட்டுப் பெயரைச் சொன்னார்: பீதிக் கோளாறு. ஆபத்து இல்லாதபோதும் உடலின் அபாய மணி தானாக அடிப்பது. மணி அடித்ததும் மூச்சு வேகமாகிறது; வேகமாக மூச்சு விடுவதால் விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது; அதைக் கண்டு மேலும் அஞ்சுகிறோம்; மணி மேலும் பலமாக அடிக்கிறது. ஒரு மாத்திரை எழுதித் தந்தார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அதோடு பேச்சுவழிச் சிகிச்சையும் வேண்டும் என்று உளவியலாளரிடம் அனுப்பினார்.

உளவியலாளர் ஒரு பெண்மணி. மேசைமேல் கோப்புகள் இருபுறமும் உயர்ந்திருக்க, அவற்றின் நடுவே அவர் முகம் தெரிந்தது. என்னையும் செல்வியையும் ஒன்றாகவே உள்ளே அழைத்தார்.

“உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சனை. இதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு. ஆனா உக்கார வெச்சுப் பேச நான் ஒருத்திதான் இருக்கேன். உங்க முறை வர மாசக் கணக்காகும். அதுவரைக்கும் சும்மா பயந்துட்டு இருக்க வேணாம். இந்தக் கையேட்டை எடுத்துட்டுப் போங்க. வாரம் ஒரு பாடம். ரிவ்யூவுக்கு வர்றப்போ பத்து நிமிஷம் எங்கிட்ட பேசலாம்.”

ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த கையேடு. அட்டையில் இருந்த சூரியன், நகலின் நகலாகி, கறுப்பு வட்டமாகிவிட்டிருந்தது. வெளியே வந்து செல்வி அதைப் புரட்டினாள்.

“இது இன்னாது, கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி கீது. அறி… அறிதல்சார் நடத்தை… எம்மா! எனக்கு நாலு வரி படிக்கிறதுக்குள்ள கண்ணு சொருகிக்கும். நீ தமிழு தான படிக்கிற? நீ படிச்சு, நம்ம பேசுற மாதிரி வாய்ஸ்ல அனுப்பு. பஸ்ல காதுல மாட்டிக்கிறேன்.”

அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை என்பதை அவளுக்குச் சொன்னபோதுதான் எனக்கும் புரிந்தது. மனத்தில் ஓடும் எண்ணம், உடம்பு படும் பாடு, அதனால் நாம் செய்யும் செயல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே சுற்றுகின்றன. உடம்பை நேரடியாக நம்மால் அடக்க முடியாது. ஆனால் எண்ணத்தைக் கேள்வி கேட்கலாம், செயலை மாற்றலாம். அங்கே கைவைத்தால் சுழற்சி தளரும். கையேடு அவ்வளவுதான் சொல்கிறது. அதை வீட்டிலிருந்தபடியே செய்துபார்க்கும் பயிற்சிகளாகப் பிரித்துத் தந்திருக்கிறது.

நான் அதை ஒரு பாடநூலைப்போல் படித்தேன். ‘அப்போது தோன்றிய எண்ணம்’, ‘அதற்கு ஆதாரம்’, ‘எதிரான ஆதாரம்’ என்று கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்தையும் முத்து முத்தான கையெழுத்தில், முற்றுப்பெற்ற வாக்கியங்களில் நிரப்பினேன். வீட்டிலும் அதற்குத் தேர்வுக்கால மரியாதை கிடைத்தது. நான் கையேட்டை எடுத்தால் அம்மா தொலைக்காட்சியை நிறுத்துவார். அத்தா மெதுவாக நடப்பார். அடுத்த ரிவ்யூவில் உளவியலாளர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க” என்றார். “பஸ் ஏறினீங்களா?”

ஏறவில்லை. ஏற வேண்டும் என்பது கையேட்டில் இருந்தது. அதைப் படித்தேன், அடிக்கோடும் இட்டேன்.

அதன்பிறகு பயிற்சிகளைச் செய்யத் தொடங்கினேன். ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சுவிட்டு, வேண்டுமென்றே மூச்சுத்திணறலை வரவழைத்து, அது கொல்லாது என்பதை உடம்புக்குக் காட்டும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு ஸ்ட்ரா வேண்டும் என்றேன். அத்தா கடற்கரை இளநீர்க்காரரிடமிருந்து ஒரு கட்டே வாங்கி வந்துவிட்டார். கூடத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்ட்ராவில் மூச்சுவிட, துணைக்கு அவரும் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“ஏங்க, அவளுக்குத்தான வியாதி? நீங்க இன்னாத்துக்கு மூச்சு முட்டிக்கினு கீறீங்க?” என்றார் அம்மா. எனக்குச் சிரிப்பும் திணறலும் ஒன்றாக வந்தன.

அடுத்தது ஏணி. அஞ்சுவதில் எளிதானதைக் கீழ்ப்படியிலும் கடினமானதை மேற்படியிலும் வைத்து, கீழிருந்து ஒவ்வொன்றாக ஏறவேண்டும். தெருமுனை, கடற்கரைச் சாலை, ஷேர் ஆட்டோ என்று ஏறி, ‘தனியாகத் திருக்கழுக்குன்றம்வரை பேருந்து’ என்ற படிக்கு வந்தேன். பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். பயம் வந்தது, ஆனாலும் போய்ச் சேர்ந்தேன். இறங்கியபோது எனக்குள் ஏதோ நிமிர்ந்தது.

பேருந்து நிலையத்தில் இளநீர்க் குவியலுக்குப் பின்னால் ஓர் அகலமான ஓலைத் தொப்பியும் பெரிய குளிர்கண்ணாடியும் தெரிந்தன. தொப்பியிலிருந்து விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அத்தாவின் மொபெட்.

“அத்தா.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “சரக்கு எடுக்க வந்தேன்மா.”

“திருக்கழுக்குன்றத்துலயா? தொப்பியா?”

தொங்கிய விலைச்சீட்டைத் தொப்பிக்குள் செருகினார். “எளநீ குடிக்கிறியா?” என்றார்.

ரிவ்யூவில் இதைச் சொன்னபோது உளவியலாளர் சிரிக்கவில்லை. “அப்பா பின்னாடி வர்றாருன்னு தெரிஞ்சதும் உங்க மூளை என்ன எழுதிக்கும்? ‘அவர் இருந்ததால பொழச்சேன்’னு. தனியா போயும் ஒன்னும் ஆகலன்னு எழுதிக்காது. அவர் மேல தப்பில்ல. பாசம்தான். ஆனா அந்தப் பாசத்தைப் பிடிச்சிட்டுத்தான் இந்த வியாதி நின்னுட்டு இருக்கு.” பிறகு என் மடியிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். “அடுத்த பாடம் அதைப் பத்திதான்.”

அடுத்த பாடத்தின் பெயர் ‘பாதுகாப்புப் பொருள்கள்’. உயிரைக் காக்கும் என்று நம்பி நாம் உடன் கொண்டுசெல்லும் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றாக வீட்டில் விட்டுச்செல்ல வேண்டும். மாத்திரைப் பட்டை, தொலைபேசி, துணைக்கு ஆள், தண்ணீர் பாட்டில் என்று கையேட்டிலேயே எடுத்துக்காட்டுகள் இருந்தன. அதை எழுதியவருக்கு அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? உங்கள் துஆவை, அந்தப் பிரார்த்தனையை, மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன் என்றா? உங்கள் மூச்சுதான் என் நோயைத் தாங்கிப் பிடிக்கிறது என்றா? அவர் மனம் புண்படும் என்று அந்தப் பாடத்தை நாள்கடத்தினேன். அதே சமயம், அவர் மனத்தைவிட என் பயமே பெரிது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. பாட்டில் இல்லாமல் பேருந்தில் அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்தாலே விரல்கள் மரத்தன.

பொங்கல் விடுமுறை முடியும் நாள் வந்தது. மறுநாள் கல்லூரி. அன்று மாலை செல்வியின் குரல் வந்தது. “இன்னா நசீரா, அடுத்த பாடம் எங்க? எங்க கம்பெனி லைன்ல இன்னும் ரெண்டு பேரு கேக்குறாங்க. ஒருத்திக்கு லிஃப்ட்டு பயம், ஒருத்திக்கு இன்னான்னே தெர்ல, எல்லாத்துக்கும் பயம். அனுப்பு சீக்கிரம்.”

கூடத்தில் உட்கார்ந்து கையேட்டை விரித்தேன். அடுப்படியில் அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். ஓடு பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பதிவு செய்யத் தொடங்கினேன்.

“செல்விக்கா, இந்தப் பாடம் நாம கூடவே எடுத்துக்கினு போற சாமானப் பத்தி. அது இருக்குறதாலதான் பொழைக்கிறோம்னு நெனைக்கிறோம். நெஜத்துல பயம் தானா ஏறுது, தானா எறங்குது. ஆனா அது எறங்குறப்ப நம்ம கையில அந்த சாமான் இருக்குது. பேரு அதுக்குப் போயிடுது. அதனால ஒரு நாளாச்சும் அத வூட்டுல வெச்சிட்டுப் போய்ப் பாக்கணும். உனக்கு அது இன்னான்னு யோசி. எனக்கு… எனக்கு அம்மா ஓதிக் குடுக்குற தண்ணி. அத வெச்சிட்டுப் போவ எனக்குத் தைரியம் இல்லக்கா. சொல்லவும் தைரியம் இல்ல.”

பதிவை நிறுத்தினேன். அடுப்படியில் சத்தம் இல்லை. சற்றுக் கழித்து மறுபடி இறால் ஓடுகள் பாத்திரத்தில் விழத் தொடங்கின.

காலையில் சாப்பாட்டு மேசைமேல் டிபன் பாக்ஸும் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பாட்டில் நிறைந்திருந்தது, வழக்கம்போல் ஓதி ஊதியிருந்தார். நான் இரண்டையும் எடுக்கக் கைநீட்டினேன். அம்மா டிபன் பாக்ஸை மட்டும் எடுத்து என் பைக்குள் வைத்தார்.

“அத எடுக்காத.”

“ம்மா…”

“கேட்டுச்சு. நேத்து அந்தச் செல்விக்குச் சொன்னது.” பாட்டிலின் மூடியை, ஏற்கெனவே இறுக்கமாக இருந்ததை, இன்னொரு முறை திருகினார். “தண்ணிய எடுத்துக்கினு போனாத்தான் கேக்குமா? அல்லாவுக்கு உன் பஸ்ஸு தெரியாதா?”

என் தலைமேல் வைத்து ஓத வழக்கம்போல் கையைத் தூக்கினார். பாதியில் நிறுத்தினார்.

“இதுவும் அந்தப் புக்குல வருமா?”

“தெரியலம்மா.”

“அப்ப வேணாம், போ” என்று கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவையில் துடைத்தார். அத்தா அதற்குள் கடைக்குப் போயிருந்தார். வழியில் பேருந்து கடற்கரைச் சாலை முனையைக் கடந்தபோது, அவர் எல்லா நாட்களையும்விடச் சத்தமாக ஷட்டரைத் தூக்குவது கேட்டது. நான் கேட்கவேண்டும் என்றே அப்படித் தூக்கினார்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அது வந்தது. வருமென்று தெரிந்திருந்ததால் எந்தப் பயனும் இல்லை. நெஞ்சில் அதே முழங்கால். உதடுகளில் அதே எறும்பு. கை தானாகப் பைக்குள் போய்த் துழாவியது. டிபன் பாக்ஸ், பேனா, கையேடு. மீண்டும் துழாவியது. கூச்சலிட்டு வண்டியை நிறுத்தச் சொல்லலாம். இறங்கலாம். அத்தாவை அழைக்கலாம். ‘ஒன்றும் செய்யாதீர்கள்’ என்கிறது கையேடு. மற்ற எல்லாப் பயிற்சிகளும் இந்த ஒரு வரிக்கு வந்துசேர்வதற்காகத்தான். இத்தனை மாதங்களாக என் வேதனையே என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுதான். சிகிச்சையும் அதையேதான் செய்யச் சொன்னது, கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு. முன்னிருக்கையின் பின்புறம் யாரோ கீறிவைத்திருந்த பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஏறியது. மேலும் ஏறியது. இதற்குமேல் முடியாது என்ற இடத்துக்குப் பிறகும் ஏறியது. எப்போது இறங்கத் தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. செங்கல்பட்டில் இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, நான் உயிரோடிருந்தேன். வகுப்பில் நடத்தியது எதுவும் காதில் விழவில்லை. ஆனால் பெயர் அழைக்கப்பட்டபோது ‘உள்ளேன்’ என்றேன்.

மதியம் செல்வியின் பதிவு வந்திருந்தது. கம்பெனிக்கு ஆள் எடுத்துத் தரும் ஒப்பந்தக்காரர் அவளை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். “பஸ்ல இப்பதான் முழுசா குந்திக்கினு போக வந்துச்சு, பஸ்ஸே போச்சு. ஏம்மா, அந்தப் புக்குல சூப்பர்வைசருக்குப் பாடம் எதுனா கீதா?” என்று சிரித்தாள். “சரி, நீ மிச்சத்த அனுப்பு. மத்தவளுங்க கேப்பாளுங்க.” கையேட்டில் அதற்குப் பாடம் இல்லை. அன்று அவளுக்கு என்னால் அனுப்ப முடிந்தது அடுத்த அத்தியாயம் ஒன்றுதான்.

மாலையில் வீடு திரும்பியபோது அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அருகில் நீல மூடி கிடந்தது. பாட்டில் காலியாக இருந்தது.

“போயிட்டு வந்துட்டியா?” என்றார்.

“வந்துட்டேன்மா.”

“நீ அந்தப் பக்கம் போன, இந்தப் பக்கம் எனக்கு நெஞ்சு ஒரே அடி. கையெல்லாம் ஜில்லுனு ஆயிப்போச்சு. கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொல்றதுக்குள்ள முழுசும் நானே குடிச்சிட்டேன்டி.”

அவர் கையைப் பிடித்தேன். இன்னும் குளிர்ந்திருந்தது. இதற்குப் பெயர் என்ன, எந்தப் பாடத்தில் வருகிறது, என்ன செய்யவேண்டும் என்றெல்லாம் எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

“நாளைக்கும் போவணுமா?”

“போவணும்மா.”

அம்மா முழங்காலில் கையூன்றி எழுந்து, பாட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நான் பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்து திரும்பினார்.

“இது எனக்கு” என்றார்.